புதிய பெட்டிகள் ஓடத் தொடங்கிய நாட்களில் கண்டவை

2011 ஆம் ஆண்டில் நான் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்துகொண்டிருந்தேன். சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்ட எஸ் 11 வகைப் பவர் செட்டுகள் (இழுக்கும் இயந்திரம் பெட்டியிலேயே பொருத்தப்பட்ட ரயில்கள்) அந்த ஆண்டிலேயே இலங்கைக்கு வந்தன. அவற்றில் ஒன்று கரையோரப் பாதையில் காலைச் சேவைக்கு வந்தபோது, முதலில் குழம்பிப்போனவர்கள் நாள் தவறாமல் பயணம் செய்த நாங்கள்தான். எந்தக் கதவு எந்த விளக்குக் கம்பத்துக்கு நேரே வந்து நிற்கும் என்று ஆண்டுக்கணக்காகத் தெரிந்துவைத்து, அந்தந்த இடத்தில் கூட்டாளிகளுடன் காத்து நின்றவர்களுக்கு, கதவுகள் வேறிடத்தில் வந்து நின்றதும் மேடை முழுக்க ஓட வேண்டியதாயிற்று. ஒரு கிழமைக்குள் அவரவர் புதிய கம்பத்தைக் கண்டுகொண்டார்கள்.

அன்று இருக்கையின் அடியில், சுவரும் தரையும் சேரும் மூலையில், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மணல் கிடந்தது. புத்தம் புதிய பெட்டிக்குள் மணல் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. என் அறைத் தோழர் ஏறாவூரைச் சேர்ந்தவர், புகையிரத வேலையில் இருந்தவர், அவர்தான் விளக்கினார். பயணிகளை ஏற்றுவதற்கு முன், அவர்களுடைய பாரத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்ப்பார்கள் என்றும், முழுப் பாரத்துடன் பிறேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வளைவில் மேடையின் விளிம்பை உரசாமல் போகிறதா என்பதையெல்லாம் அளந்த பிறகே சேவைக்கு விடுவார்கள் என்றும் சொன்னார். எனக்கு முன்பே அந்த இருக்கையில் ஒரு மூட்டை பயணம் செய்திருக்கிறது என்று அறிந்ததில், அந்தப் பெட்டியின் மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

பவர் செட்டில் தனி என்ஜின் கிடையாது. சாரதி அறை இரு முனைகளிலும் இருப்பதால், பயணம் முடிந்த இடத்தில் என்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் கொழுவத் தேவையில்லை. சாரதி மறுமுனைக்கு நடந்து போனால் போதும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று சிறிது தூரத்துக்கு ஒருமுறை நின்று புறப்படும் அலுவலக ரயிலுக்கு இது மிகவும் பொருத்தமானது.

மட்டக்களப்புப் பாதையின் நிலைமை வேறு. மாகோவில் பிரிந்து, கல்ஓயா, பொலன்னறுவை, வெலிகந்தை, புனானை வழியாக வரும் இந்தப் பாதையில், கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். ஒரு விடுமுறைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு பவர் செட் ஒன்றில் ஊருக்கு வந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து எழும்பக்கூடியவர்களுக்கென அமைத்த நிமிர்ந்த இருக்கையில், அம்மா எட்டு மணி நேரத்துக்கு மேல் முழங்காலை நீட்ட இடமின்றி வந்தார். இறங்கும்போது மேடை தாழ்வாகவும் படி உயரமாகவும் இருந்ததால், நான் கீழே நின்று இரு கைகளாலும் தாங்கி இறக்கினேன். "பழைய கோச்சியிலயே வந்திருக்கலாம் மனே" என்று மட்டும் சொன்னார். பெட்டியில் குற்றமில்லை. குறுந்தூரத்துக்குச் செய்த பெட்டியை நெடுந்தூரத்துக்கு அனுப்பும்போது, யார் ஏறுவார்கள், எங்கே இறங்குவார்கள் என்பதையும் மணல் மூட்டையை நிறுத்துப் பார்ப்பதைப் போலவே கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.

அதே பவர் செட்டை மூன்று பெட்டிகளுடன் வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் காலையிலும் மாலையிலும் ஓட்டினால், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையைச் செய்யும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏறாவூரிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருபவர்களும், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்களும் இன்று பஸ்ஸின் மிதிபலகையில் நின்றுதான் போகிறார்கள்.

கல்முனையிலிருந்து ஒருவரின் பகிர்வு:

அண்ணன் எழுதியதை வாசித்ததும் என் வாப்பாவின் நினைவு வந்தது. தண்டவாளம் மட்டக்களப்புடன் முடிந்துவிடுவதால், எங்களுக்கு ரயில் என்றால் முதலில் பஸ்ஸில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போக வேண்டும். புதிய பெட்டிகள் நிற்பதைக் கண்ட அன்று, வாப்பா ஏறுவதற்கு முன் வெளிச்சுவரில் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். தச்சு வேலை செய்தவர், எதையும் தட்டிப் பார்த்தே மதிப்பிடுவார். "நல்ல வேலை" என்றார். சில மாதங்கள் கழித்து அதே சேவையில் போனபோது எங்கள் பக்கத்து மின்விசிறி சுற்றவில்லை, யன்னல் பாதியில் இறுகி நின்றது. வாப்பா தன் பையிலிருந்த சிறிய திருப்புளியை எடுத்து யன்னல் சட்டத்தின் ஆணியைத் தளர்த்தி, கண்ணாடியை மேலே ஏற்றி, மறுபடி முறுக்கி வைத்தார். வெலிகந்தை தாண்டும்வரை எங்களுக்கு நல்ல காற்று வந்தது.