எஸ்டிமேட் 1.85 லட்சம், பில் 3.12 லட்சம், வண்டி பட்டறையில்: என்ன செய்யலாம்?

குந்தா மேகம்:
பழைய டிராவலர் வேன் ஒன்று வாங்கி, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்றக் கொடுத்திருந்தேன். நீலகிரி மலையில்தான் பட்டறை, பெயர் வேண்டாம். கூரை ஒழுகலை அடைப்பது, உள்ளே இன்சுலேஷன், 200 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், சோலார், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 1,85,000 என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்கள். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இப்போது பில் 3,12,000. கூடுதலாகப் போட்டிருப்பது: தரை துரு வேலை 46,000, ஆர்டிஓ செலவு 25,000, கேபிள் 22,000, பேட்டரி ஹீட்டர் 18,000, லேபர் 16,000. இதில் எதைப் பற்றியும் ஒரு போன்கூட வரவில்லை. முழுப் பணமும் தந்தால்தான் சாவி, இல்லாவிட்டால் நாளுக்கு இவ்வளவு என்று நிறுத்துமிட வாடகையும் போடுவார்களாம். வண்டி சொந்த உபயோகத்துக்குத்தான், வாடகைக்கு விடும் எண்ணம் இல்லை.

லாங்வுட்:
பகல் கொள்ளை. ஒரு பைசா கூடத் தராதீர்கள், போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். மலையில் வேறு பட்டறை கிடையாது என்ற தைரியத்தில்தான் இப்படி ஆடுகிறார்கள். சீசனில் வெளியூர் வண்டிக்கு ஒரு ரேட், உள்ளூர் வண்டிக்கு ஒரு ரேட், இதெல்லாம் தெரிந்த கதைதானே.

பட்டறை ஒன்பது:
நானும் குன்னூரில் பட்டறை வைத்திருப்பவன், அதனால் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். ஒரு ஷீட், ஒரு டின் பெயின்ட், ஒரு ஃப்யூஸ் எல்லாமே கோவையில் இருந்து வரவேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி ரோட்டைச் சுற்றித்தான் லோடு வரும். துரு வேலை எவ்வளவு என்பது தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஈரத்தில் நின்ற பழைய வண்டியின் தரை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. அழுகிய தரைமேல் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தால் அப்போதும் இங்கே வந்து திட்டியிருப்பீர்கள். ஹீட்டரும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடிக்கும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினால் செல் போய்விடும். தம்பியைக் கேட்காமல் அதைப் போட்டது தப்பு, ஆனால் போட்டதே தப்பு என்று சொல்லாதீர்கள்.

வாய்தா:
கேட்காமல் போட்டது தப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், வழக்கே அதுதான் சார். மலை ரேட் கூடுதலாக இருப்பதை யாரும் குறை சொல்லவில்லை. கூடுதல் வேலை வந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, இவ்வளவு ஆகும், செய்யட்டுமா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நல்ல லித்தியம் பேட்டரிகளில் குளிர் அதிகமானால் சார்ஜைத் தானே நிறுத்தும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும். பேட்டரியில் இருந்து கரண்ட் எடுக்க அந்தக் குளிர் தடையில்லை. விடியலில் சார்ஜ் ஏறாமல், வெயில் வந்தபிறகு ஏறும், அவ்வளவுதான். அது போதுமா ஹீட்டரும் வேண்டுமா என்பதை வண்டிக்காரர்தான் முடிவு செய்யவேண்டும்.

லாங்வுட், நீங்கள் சொல்வதைக் கேட்டுப் போலீஸுக்குப் போனால் 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, ஒரு பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர் அதற்குரிய கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு பைசாவும் தராமல் போய் நின்றால் சட்டம் பட்டறைக்காரர் பக்கம். ஆனால் அந்த உரிமை ஒப்படைத்த வேலைக்கு உண்டான கூலிக்குத்தான். கேட்காத ஹீட்டருக்காக வண்டியைக் கட்டிப்போட முடியாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

அரவேணு அக்கா:
எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். வண்டி அங்கே வெளியில் நிற்கிறது, ஐப்பசி மழை வேறு. கூரை ஒழுகலை ஒழுங்காக அடைத்தார்களா என்பதே இன்னும் தெரியாது, மூன்று மாதம் இழுத்தால் புது பிளைவுட் உப்பிவிடும். பேரம் பேசி ஐம்பதாயிரம் குறைத்துக்கொண்டு எடுத்து வந்துவிடு தம்பி. நாளைக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதே ஆளிடம்தான் போய் நிற்கவேண்டும்.

லாங்வுட்:
அக்கா, இப்படி எல்லாரும் பேரம் பேசிப் பேசித்தான் அவர்கள் முதலிலேயே ஐம்பதாயிரம் ஏற்றிப் போடுகிறார்கள். அது சரி, ஆர்டிஓ செலவு 25,000 என்ன கணக்கு? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

பட்டறை ஒன்பது:
அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். வண்டியின் உள்ளமைப்பை இப்படி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டுவிட்டு 12 சீட் வண்டி என்றே ஓட்டினால் செக்போஸ்டில் மட்டும் அல்ல, விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறி. ஆனால் விண்ணப்பத்தில் ஓனர் கையெழுத்து வேண்டும், கட்டிய கட்டணத்துக்கு ரசீது வரும். தம்பி கையெழுத்து போட்டீர்களா?

குந்தா மேகம்:
எதிலும் போடவில்லை. ரசீது கேட்டதற்கு 'அதெல்லாம் அங்கே கொடுக்க வேண்டியது' என்று சிரித்தார். பில்லே துண்டுச் சீட்டில்தான், ஜிஎஸ்டி எண் இல்லை.

வாய்தா:
அப்போது அந்த 25,000 தானே விழுந்துவிட்டது. முதலில் ஜிஎஸ்டி பில் எழுத்தில் கேளுங்கள், எந்தப் பொருள், என்ன பிராண்ட், என்ன அளவு என்று தனித்தனியாக. எஸ்டிமேட்டில் மீதி 85,000ஐ வங்கி வழியாக அனுப்பிவிட்டு, 'ஒப்புக்கொண்ட தொகை முழுவதும் செலுத்திவிட்டேன், கூடுதலை ஏற்கவில்லை' என்று அதே வாட்ஸ்அப்பில் போடுங்கள். அப்படியும் சாவி தராவிட்டால், அவசரம் என்றால், மீதியையும் ஆட்சேபத்துடன் தருகிறேன் என்று எழுதிக் கட்டி வண்டியை எடுங்கள். எடுத்தபிறகும் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2019 சட்டம் வந்தபிறகு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன். வாடகைக்கு விடும் வண்டி என்றால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு கிளப்பும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பட்டறை ஒன்பது:
சட்டத்தை விடுங்கள், கேபிளைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 167 ஆம்பியர், நஷ்டத்தோடு இன்னும் மேலே. அதற்குப் பெருவிரல் தடிமனுக்குக் காப்பர் போட்டிருந்தால் 22,000 அவ்வளவு அநியாயம் இல்லை. கேபிள் உறையிலேயே அளவு அச்சிட்டிருக்கும். 10 ஸ்கொயர் எம்எம் என்று இருந்தால் காசு இருக்கட்டும், இண்டக்ஷன் அடுப்பைப் போட்டதும் கேபிள் உருகும். பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குந்தா மேகம்:
பார்த்தேன், 16 என்று இருக்கிறது. பில்லில் 50 என்று எழுதியிருக்கிறார்கள்.

அரவேணு அக்கா:
அட பாவிகளா. சரி, சண்டை போடு.

பட்டறை ஒன்பது:
அது திருட்டுதான், அந்த 22,000ஐக் கட்டாதீர்கள், கேபிளையும் மாற்றச் சொல்லுங்கள். துரு வேலைக்கு மட்டும் பணம் கொடுத்துவிடுங்கள், வெல்டிங் நன்றாக இருந்தால்.

லாங்வுட்:
கேபிளில் பொய் சொன்னவன் துருவில் மட்டும் உண்மை பேசுவானா?

பட்டறை ஒன்பது:
வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.