பதின்ம வயதினரின் பாலினத் துயரம்: ஆய்வுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கரையோரம் (கேள்வி):
என் அண்ணனின் பிள்ளைக்குப் பதினான்கு வயது. பிறப்புச் சான்றிதழில் பெண். தன்னை ஆணாகவே உணர்வதாகச் சொல்லி ஓராண்டு ஆகிறது. உறக்கம் கெட்டு, இப்போது பள்ளிக்குச் செல்லவும் மறுக்கிறது. இணையத்தைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட எண்ணம் என்கிறார் அண்ணன். பூப்பைத் தடுக்கும் மருந்தை உடனே தொடங்காவிட்டால் பிள்ளை உயிரோடு இருக்காது என்று அஞ்சுகிறார் அண்ணி. இருவருமே ஆய்வுகளைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எதை நம்புவது?

தெளிநீர்:
பாலின அடையாளம் நோயன்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதனை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. பிள்ளை சொல்வது உண்மையா என்பதும், எந்தச் சிகிச்சை பயன் தரும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். உங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாக்கிச் சண்டையிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது.

ஆய்வுமேசை:
அண்ணனின் வாதத்துக்கு மூலம் பெரும்பாலும் இத்துயரம் நண்பர்கள், இணையம் வழியே பரவக்கூடும் என்று அமெரிக்க மருத்துவர் லிசா லிட்மன் 2018இல் வெளியிட்ட கட்டுரை. அதற்காகப் பெற்றோரிடம் மட்டுமே கேட்டார்கள், இளையோர் ஒருவரிடமும் கேட்கவில்லை. மறு ஆண்டே இதழ் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் பல நாடுகளில் சிகிச்சை நாடும் பதின்ம வயதினர் பெருகியதும், அவர்களில் பெண்ணாகப் பதியப்பட்டோர் மிகுந்ததும் மறுக்க முடியாதவை. இங்கிலாந்தில் இளையோருக்கான பாலினச் சிகிச்சையை மதிப்பிட்டு, குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கையும் இதற்கு ஒற்றைக் காரணம் கூறவில்லை.

மருந்து விஷயம் இன்னும் சிக்கலானது. நெதர்லாந்தில் உருவான முதல் சிகிச்சைமுறை, சிறுவயது முதலே துயரம் நீடித்த, வேறு கடுமையான மனநலச் சிக்கல் இல்லாத பிள்ளைகளை மனத்தில் கொண்டது. பின்னர் வந்தவர்களில் பலர் அப்படியல்லர். காஸ் அறிக்கைக்காக யார்க் பல்கலைக்கழகம் செய்த தொகுப்பாய்வுகள், மருந்தின் பயனுக்கான சான்று பலவீனமானது என்றன. ஃபின்லாந்தும் ஸ்வீடனும் உளவியல் ஆதரவை முன்னிறுத்தின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ சிகிச்சைக்கு ஆதரவான நிலைப்பாட்டை 2023இல் மீண்டும் உறுதிசெய்தது. சான்று பலவீனம் என்றால் தீங்கு நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை. எப்படியாயினும், பதினான்கு வயதுக்குள் பூப்பு பெரும்பாலும் வெகுதூரம் சென்றிருக்கும் என்பதால், பெற்றோர் மோதிக்கொள்ளும் அந்த மருந்தால் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது குறைவே.

மலைச்சாரல்:
நான் திருநம்பி. மேலுள்ளதைப் பெரும்பாலும் ஏற்கிறேன்; ஆனால் உளவியல் ஆதரவு என்ற பெயரில் குறுக்கு விசாரணை நடப்பதும் உண்டு. உறக்கமின்மையையும் பள்ளியில் பட்ட கேலியையும் சொன்னால் "அப்படியானால் அதுதான் காரணம்" என்று முடித்துவிடுவார்களோ என அஞ்சி, பதின்ம வயதில் இரண்டையுமே நான் மறைத்தேன். நம்பப்படுகிறோம் என்று தெரிந்தால்தான் பிள்ளை மற்றவற்றையும் சொல்லும்.

கரையோரம்:
நன்றி. அண்ணியின் அச்சத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஆய்வுமேசை:
இவ்விளையோரிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் மருந்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் இங்கிலாந்தில் தற்கொலைகள் பெருகின என்ற கூற்றைத் தரவுகள் ஆதரிக்கவில்லை என்று 2024இல் அந்நாட்டு அரசின் தற்கொலைத் தடுப்பு ஆலோசகர் லூயி ஆப்பிள்பி கண்டறிந்தார். மருந்தில்லையேல் மரணம் என்று பிள்ளையின் காதுபடப் பேசுவதை அண்ணி நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால், பாலினம் பற்றிய எந்த முடிவுக்கும் காத்திராமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.