மரம் இறக்குற வேலைக்கு ஷேக்கிள், கப்பி: எதை நம்பி வாங்குறது?

பொள்ளாச்சி_மரவேலை:
வணக்கமுங்க. நாங்க நாலு பேர் மரம் வெட்டுறோம். இப்ப வர்றதெல்லாம் வீட்டை ஒட்டின மரம்தான். கீழே ஓட்டுக்கூரை, இல்லீன்னா கரண்ட் லைன். சாய்க்க முடியாது, கட்டித்தான் துண்டு துண்டா இறக்கோணும். இதுவரைக்கும் கவட்டையில கயிறைப் போட்டு இறக்கினோம், கயிறு சீக்கிரம் தேஞ்சு போகுது. கப்பியும், அதை மாட்டுற ஷேக்கிளும் (வாயில குறுக்கே பின் போட்டு மூடற U வடிவ இரும்பு) வாங்கப் போனா ஒரே அளவு ஷேக்கிளுக்கு ரெண்டு கடையில மூணு மடங்கு விலை வித்தியாசம். கம்மி விலையில இருக்கறதுல ‘2 டன்’னு பெயின்ட்ல எழுதியிருக்கு, கம்பெனி பேரே இல்லை. ஆன்லைன்ல ஒரு காரபினர் (ஸ்பிரிங் கதவு வெச்ச கொக்கி வளையம்) ‘25 கிலோநியூட்டன்’னு போட்டிருக்கு. எதைங்க நம்பறது?

வேப்பமரத்தடி:
எங்க ஊர்ல சும்மா கயிறுலதான் இறக்குறாங்க. தெரிஞ்ச கடைக்காரரா பாத்து வாங்குங்க, போதும்.

ஓய்வுபெற்ற_ரிக்கர்:
தூத்துக்குடி துறைமுகத்துல ரிக்கரா, அதாவது கனமான சாமானைக் கட்டித் தூக்குற ஆளா இருந்து ரிட்டயர் ஆனவன். கடைக்காரர் தெரிஞ்சவரா இருக்கட்டும், அந்த ஷேக்கிளை அடிச்சவன் யாருன்னு அவருக்கே தெரியாதே!

முதல்ல நம்பரைப் புரிஞ்சுக்கிடுங்க தம்பி. நல்ல கம்பெனி ஷேக்கிள்ல 2 டன்னு இருந்தா அது வேலைப் பளு, அதாவது வேலையில அதுமேல ஏத்தக்கூடிய அதிகபட்ச எடை. உடையுற பளு அதைப்போல அஞ்சாறு மடங்கு. காரபினர்ல இருக்கற 25 கிலோநியூட்டன் உடையுற பளு, சுமார் இரண்டரை டன். அஞ்சால வகுத்தா 500 கிலோதான் மிச்சம். அதுவும் நேரா இழுத்தா மட்டும். வாய் திறந்தோ குறுக்கேயோ பளு விழுந்தா மூணுல ஒரு பங்குகூடத் தாங்காமப் போகலாம். பெரிய நம்பரைப் பாத்து மயங்குனா இதுலதான் மாட்டுவீங்க.

அடுத்தது எழுத்து. ஒழுங்கான ஷேக்கிள்ல தயாரிப்பாளர் பேர், அளவு, வேலைப் பளு, பேட்ச் குறியீடு (எந்தத் தொகுதியில செஞ்சதுன்னு காட்டுற நம்பர்) நாலும் உடம்புலயே இருக்கும், நகத்தால தடவினா தட்டுப்படும். பின்னுலயும் குறி இருக்கணும். பெயின்ட் எழுத்தை நான் எழுத்தாவே எடுத்துக்கிட மாட்டேன். பச்சைப் பின், சிவப்புப் பின்னு நிறத்தைப் பாத்தும் வாங்காதீங்க. பெயின்ட் டப்பா எல்லாக் கடையிலயும் கிடைக்கு.

கையில எடுத்து பின்னைக் கழட்டி மாட்டுங்க. மரை கடைசி வரை சீராப் போகணும், பின்னோட தோள் காதுல ஒட்டி உக்காரணும். தோல்ல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை தெரிஞ்சா அது அடிச்சு செஞ்சதில்ல, உருக்கி ஊத்துன வார்ப்பு, கீழ வச்சிருங்க. ஆனா பாக்க நல்லா இருக்குன்னு மட்டும் எடுத்துராதீங்க. கண்ணால ஒதுக்கத்தான் முடியும். டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க. அதுல உள்ள பேட்ச் நம்பரும் இரும்புல உள்ளதும் ஒண்ணா இருக்கணும்.

பொள்ளாச்சி_மரவேலை:
ரொம்ப நன்றிங்கய்யா. நாங்க இறக்கற துண்டு 200 கிலோவுக்கு மேல போகாதுங்க. ஒரு டன் ஷேக்கிள் போதாதுங்களா?

ஓய்வுபெற்ற_ரிக்கர்:
200 கிலோன்னு கண்ணால சொல்லுதீங்களா? பச்சை மரம் கன மீட்டருக்கு ஒரு டன்னு வச்சுக்கிடுங்க. அரை மீட்டர் குறுக்களவு, ஒரு மீட்டர் நீளம் இருந்தாலே 200 கிலோ ஆச்சு. அது கயிறுல தொங்கும்போது, கீழே உங்க ஆள் பிடிச்சு இழுக்கறதையும் சேத்து மேல கப்பியில கிட்டத்தட்ட 400. கப்பியைக் கட்டின இடத்துக்கு மேல அறுத்து, துண்டு விழுந்து கயிறு வெடுக்குன்னு பிடிச்சா பல மடங்கு ஏறும். ஒரு டன்னை அங்க நம்ப மாட்டேன். 3.25 டன் ஷேக்கிள் வாங்குங்க, துண்டையும் சின்னதா அறுங்க.

ஓடுற கயிறு ஷேக்கிள் பின்னு மேல உரசக் கூடாது, உருட்டி உருட்டிக் கழட்டி விட்ரும். பின்னு தொலைஞ்சா போல்ட் போடாதீங்க, ஷேக்கிளையே மாத்துங்க.

மலையேறி_கோவை:
அய்யா சொன்னதோட ஒண்ணு. கட்டை இறக்கின காரபினரை ஆள் ஏறுறதுக்கு மாட்டாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனிப் பை வைங்க. கயிறு பாலியெஸ்டர் எடுங்க; கடையில கிடைக்கிற பாலிப்ரோப்பிலீன் 165 டிகிரி பக்கத்துல உருகிரும், பட்டையில உரசினாலே பளபளன்னு இறுகிப் போகும். கப்பிச் சக்கரத்தோட குறுக்களவு கயிறு தடிமனைப்போல நாலு மடங்காவது இருக்கணும், 14 மி.மீ. கயிறுக்கு 56 மி.மீ.

பொள்ளாச்சி_மரவேலை:
அந்தக் கடையில சர்டிபிகேட் கேட்டேனுங்க, ‘யாரும் கேக்கறதில்லை’ன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை கோயமுத்தூர் போறேன்.