சங்க விருது யாருக்கு? எச்-இண்டெக்ஸ் பார்த்துக் கொடுத்தால் என்ன தப்பு?

டர்பன்வாசி:
இந்த வருஷம் நம் சங்கம் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு விருது தரப்போகிறது. கடைசியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் மூத்தவரின் எச்-இண்டெக்ஸ் இளையவருடையதைப்போல மூன்று மடங்கு. குழுவிலோ அவர் நம்ம டொங்காட் ஊர்க்காரர், இவர் யாருக்கோ மருமகன் என்ற பேச்சுதான் ஓடுகிறது. எண்ணைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. மூத்தவருக்கே என்பது என் கட்சி.

லேப்தம்பி:
அண்ணா, அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கொண்டுவந்தது. எச்-இண்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோளாவது, அதாவது மற்ற கட்டுரைகளில் 20 முறையாவது குறிப்பிடப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன, அவ்வளவுதான். கட்டுரையில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்பது அதில் வராது. எங்கள் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் முதுகொடிய வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. உலக நோய்ச்சுமை பற்றி லான்செட் மருத்துவ இதழில் வரும் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அத்தனை பேர் கணக்கிலும் அதே மேற்கோள் முழுசாக ஏறும். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் கூகுள் ஸ்காலர் கழிக்காது. இன்னொன்று, இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது.

டர்பன்வாசி:
நூறு பேரில் ஒருவராகச் சேரவும் ஏதாவது செய்திருக்க வேண்டுமே தம்பி. சும்மா உட்கார்ந்திருந்தவர் பெயரையா போடுவார்கள்?

லேப்தம்பி:
போடுவார்கள் அண்ணா. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், எனக்கு வேலை வேண்டும்.

மெர்பேங்க் அக்கா:
நான் ரிட்டயர்ட் நர்ஸ், இந்த எண்ணெல்லாம் எனக்கு வேண்டாம். 2010-ல நம்ம டர்பன் எச்.ஐ.வி. ஆராய்ச்சி மையம் காப்ரிசாவோட ஜெல் ஆய்வு ஞாபகம் இருக்கா? குவாரைஷா, சலீம் அப்துல் கரீம் குழு. நம்ம குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 889 பெண்கள், டெனோஃபோவிர்ங்கிற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல், எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதம் குறைஞ்சதுன்னு சயன்ஸ் இதழில் வந்துச்சு. உலகமே கொண்டாடுச்சு. 2015-ல அதே ஜெல்லை மறுபடி சோதிச்ச ஃபேக்ட்ஸ் 001 ஆய்வு முடிவு வந்தப்போ ஜெல் காப்பாத்தலைன்னு தெரிஞ்சுது. கிளினிக்குக்கு அந்த ஜெல் வரவே இல்லை. மேற்கோள் மட்டும் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. அப்போ அது எதை அளக்குது?

லேப்தம்பி:
அக்கா, இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. உறவுக்கு முன்னும் பின்னும் தவறாமல் ஜெல் பூசுவது பல பெண்களால் முடியவில்லை. 2010 ஆய்விலேயே ஒழுங்காகப் பூசியவர்களிடம் 54 சதவீதம் குறைந்திருந்தது. ஜெல் தோற்றது, ஆனால் வைரஸ் மருந்தை முன்கூட்டியே கொடுத்துப் பெண்ணுக்குத் தொற்று வராமல் தடுக்கலாம் என்று முதலில் காட்டியது அந்தக் கட்டுரைதான். தடுப்பு மாத்திரை, பெண்ணுறுப்பில் வைக்கும் வளையம், ஊசி எல்லாம் அதே கருத்தில் நிற்பவை. லெனகாபவிர் ஊசி ஆய்வு தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்தது, முடிவு 2024-ல் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. இந்த மேற்கோள்கள் வீண் இல்லை அக்கா. எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று திறந்து படிக்கணும். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் 2010-ல் திரும்பப் பெற்றது, அதற்கும் மேற்கோள் குவிந்து கிடக்கிறது. திட்டுவதற்காகக் காட்டியதும் எண்ணிக்கையில் சேரும்.

கணக்குப்பிள்ளை:
பணத்தை மறந்துட்டீங்க. இங்கே தென்னாப்பிரிக்காவில் அங்கீகரித்த இதழில் ஒரு கட்டுரை வந்தால் அரசு பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் தருகிறது, பல நிறுவன ஆட்கள் எழுதினால் பங்கு பிரியும். நல்ல கட்டுரையா மோசமா என்பது கணக்கில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழ்களாக இருக்கக்கூடியவற்றில் தென்னாப்பிரிக்கக் கட்டுரைகள் 4,000-க்கு மேல் வந்திருப்பதாக 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து மாலை போடாதீங்க.

டர்பன்வாசி:
எல்லாம் சரி. நம் குழுவில் யார் இருக்கிறார்கள்? மளிகைக்கடைக்காரர், ரிட்டயர்ட் வாத்தியார், கோயில் டிரஸ்டி இருவர். எண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொந்தபந்தம்தான். எண் முட்டாள்தனமாக இருக்கலாம், அதற்கு மருமகன் கிடையாது.

மெர்பேங்க் அக்கா:
அதுவும் நியாயந்தான். ஆனா அந்த இளையவர் காசநோய் வார்டில் நோயாளிகளோட உட்கார்ந்து ஆய்வு செய்யுற ஆளு. அது எந்த எண்ணில் வருது?

லேப்தம்பி:
ஒவ்வொருவரிடமும் தங்களுடைய சிறந்த ஐந்து கட்டுரையும், ஒவ்வொன்றிலும் தான் செய்தது என்ன என்று நாலு வரியும் கேளுங்கள். இதழின் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் என்றுதான் ஆராய்ச்சியை மதிப்பிடுவது பற்றி 2013-ல் வந்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் சொல்கிறது. நம் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் (என்.ஆர்.எஃப்.) தரவரிசை இருந்தால் அதையும் கேளுங்கள். அது சக ஆய்வாளர்கள் படித்துப் பார்த்துக் கொடுப்பது.

டர்பன்வாசி:
இன்று இரவே இருவருக்கும் எழுதுகிறேன். ஐந்து வேண்டாம், மூன்று போதும். அதற்கு மேல் போனால் வாத்தியார் எழுந்து போய்விடுவார். வாக்கெடுப்பு வந்தால் என் கை மூத்தவருக்கே, இப்போதே சொல்லிவிட்டேன்.