மாறுகண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தையலை எப்போது சரிசெய்வார்கள்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
சிறுவயதில் மாறுகண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் மனைவிக்கு, இப்போது அதே கண் வெளிப்பக்கமாக விலகியிருப்பதால், கோவையில் முழு மயக்கத்தில் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்ய இருக்கிறார்கள். தசையைத் தைத்த முடிச்சை இறுக்காமல் வைத்திருந்து, அன்று மாலையோ மறுநாள் காலையோ கண்ணின் நிலையைப் பார்த்துச் சரிசெய்வதாக மருத்துவர் கூறினார். வேலந்தாவளம் வழியாக ஊருக்கு வந்துவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துப் போய்ச் சரிசெய்துகொள்ள இயலுமா?

பதில் (பொள்ளாச்சி, கண் பரிசோதனைப் பணியில் இருப்பவன்):
அப்படித் தள்ளிப்போடாதீர்கள். 1970களில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் ஆர்தர் ஜாம்போல்ஸ்கி பரவலாக்கிய இம்முறையில், அவிழ்க்கவும் இறுக்கவும் ஏற்ற முடிச்சுடன் தசையை விட்டுவைப்பார்கள். நோயாளி நன்றாக விழித்தபின் சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, தூரத்திலும் கிட்டத்திலும் பட்டகக் கண்ணாடியால் (ஒளியை வளைக்கும் பிரிசம்) விலகலை அளந்து, தேவையிருந்தால் மட்டும் தசையை நகர்த்துவார்கள். மயக்கத்தின் மந்தம் தெளியுமுன் அளந்தால் அளவு பொய்க்கும். கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போட்டிருந்தால் தசையே சில மணி நேரம் இயங்காது என்பதால், இன்னும் காத்திருக்க வேண்டும். மறுபுறம், நாள் செல்லச் செல்லத் தசை விழிவெண்படலத்தோடு (கண்ணின் வெள்ளைப் பகுதி) ஒட்டத் தொடங்கி, நகர்த்துவது கடினமாகும், வலியும் கூடும். ஆகவேதான் பெரும்பாலோர் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். சில நாள் கழித்துச் செய்யும் முறைகளும் உண்டு. ஆனால் அதை மருத்துவர் முன்பே திட்டமிட வேண்டுமே தவிர, பேருந்து வசதிக்காக நாம் முடிவு செய்யக் கூடாது.

பதில் (சித்தூர், பாலக்காடு):
எனக்கு மறுநாள் காலையில் சரிசெய்தார்கள். வலி பொறுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஆனால் தசையை இழுத்தபோது குமட்டி, நாடித்துடிப்பு தளர்ந்து, சிறிது நேரம் படுக்க வைத்தார்கள். இது தசையை இழுப்பதால் நேரும் அனிச்சைச் செயல் என்று பின்னர் விளக்கினார்கள். வழக்கமாக அணியும் மூக்குக்கண்ணாடியை மறவாமல் கொண்டுசெல்லுங்கள். அதை வீட்டில் விட்டுப்போய் நான் பட்ட பாடு போதும்.

பதில் (பொள்ளாச்சி):
மேலே ஒன்று விடுபட்டது. வெளிவிலகும் கண் நாளடைவில் மீண்டும் வெளியே நகரக்கூடும் என்பதால், சில மருத்துவர்கள் வேண்டுமென்றே அதைச் சற்று உள்நோக்கி நிறுத்துவார்கள். அப்போது சில நாள் இரட்டையாகத் தெரியலாம். முகம் பார்க்கும் கண்ணாடியில் கண்ணைப் பார்த்து அஞ்சாமல், அது எண்ணிச் செய்ததா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அன்றிரவு கோவையிலேயே என் அத்தை வீட்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டேன்.