நாயை போர்டிங்கில் விடக் கென்னல் காஃப் (நாய்களுக்குத் தொற்றும் இருமல்) தடுப்பூசி வேண்டுமாமே?

லாப்_அப்பா: பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், லாப்ரடாரை போர்டிங்கில், அதாவது நாய் விடுதியில், விடவேண்டும். அங்கே கென்னல் காஃப் தடுப்பூசி சான்று கேட்கிறார்கள். வருஷா வருஷம் நைன் இன் ஒன் (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி), ரேபிஸ் இரண்டும் போடுகிறோமே, அதில் இது சேராதா?

மயிலைவாசி: சேராது. நைன் இன் ஒன்னில் பாரா இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு இருக்கும், ஆனால் இந்த இருமலுக்கு முக்கியக் காரணமான போர்டடெல்லா பாக்டீரியாவுக்குத் தனியாகத்தான் போடவேண்டும். ஊசி என்றால் முதல் தடவை 2 டோஸ், இடையில் 2 முதல் 4 வாரம், பொங்கலுக்குள் நடக்கிற கதையா? மூக்கில் விடும் மருந்து ஒரே டோஸ், சில நாளிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் வருஷம் ஒருமுறை.

ஜிம்மி_வீடு: போட்டால் இருமலே வராது என்று நினைக்கவேண்டாம், வந்தாலும் லேசாகப் போய்விடும், அவ்வளவுதான். போடாத எங்கள் ஜிம்மி தொண்டையில் எலும்பு சிக்கியது மாதிரி ராத்திரி முழுக்கக் கறகறவென்று இருமி வெள்ளை நுரையாகக் கக்கினான். மூக்கு மருந்துக்கு அப்புறம் கொஞ்சம் தும்மல் வரும், பயப்படாதீர்கள். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூக்கு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, ஆன்டிபயாடிக் அதைக் கொன்றுவிடலாம்.

லாப்_அப்பா: சரி, சனிக்கிழமையே போகிறோம். முப்பத்திரண்டு கிலோவைப் பிடித்துக்கொள்ள ஆள்தான் தேடவேண்டும்!