வேலூரில் சாயங்காலம் செய்வதை டோர்ட்முண்டில் எப்படிச் செய்வது?

விருதம்பட்டு வாசி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. மனைவிக்கு ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் செவிலியர் வேலை கிடைத்து ஒன்பது மாதமாகிறது. ஆடி கழிந்ததும் நானும் மகனும் புறப்படுகிறோம். வீடு, விசா, பள்ளிக்கூடம், கம்பளிச் சட்டை என்று எல்லாவற்றையும் விசாரித்தாகிவிட்டது. கேட்கக் கூச்சமாக இருக்கும் ஒன்றுதான் பாக்கி: அங்கே சாயங்காலம் என்ன செய்வது?

சிரிக்காதீர்கள். இருபது வருடமாக என் சாயங்காலம் ஒரே மாதிரிதான். ஐந்தரைக்கு அச்சகத்தில் மெஷினை நிறுத்துவேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்க் கோட்டைப் பூங்காவில் இரண்டு சுற்று. ஒரு டீ. ஏழரைக்கு எங்கள் தெரு மன்றத்தில் கேரம். தகரக் குல்லாய் போட்ட பல்பு பலகைக்கு ஒரு முழம் மேலே தொங்கும். சூட்டில் எதிரே இருப்பவரின் நெற்றி வியர்வை காய் மேல் சொட்டும். "துடைடா" என்று நான்கு பேர் கத்துவார்கள். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் அதைத் திரும்ப நடுவில் வைக்கும்போது மனிதன் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதற்காகவே நான் தினமும் போகிறேன். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பல்பு எரிந்தால் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

மனைவி போனில் சொல்வதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. போன மாதம் ஒரு ஞாயிறு காலி கண்ணாடி பாட்டில்களை, அதற்கென்றே தெருமுனையில் வைத்திருக்கும் தொட்டியில் போடப் போயிருக்கிறாள். இரண்டாவது பாட்டில் உள்ளே விழுந்த சத்தத்துக்கு மாடி ஜன்னல் திறந்து ஒரு பாட்டி விரலை ஆட்டினாராம். மீதிப் பாட்டில்களோடு வீடு திரும்பியிருக்கிறாள். பாட்டில் விழுவதற்கே இந்தக் கதி என்றால் கேரம் என்ன ஆகும்?

அங்கே இருப்பவர்கள் நிஜமாகவே என்ன செய்கிறீர்கள்? சுற்றுலா இடங்களின் பட்டியல் வேண்டாம்.

சத்துவாச்சாரி 9

நண்பரே, கவலையை விடுங்கள். நான் ஷார்ஜாவில் ஆறு வருடம் இருந்தேன். ஒரு பெரிய டிவி, மூன்று ஓடிடி சந்தா. மாலை தானாகப் போய்விடும்.

விருதம்பட்டு வாசி

போய்விடும் என்பது தெரியும் ஐயா. அதுதான் பயமே.

மேல்பட்டி மகள்

அண்ணா, நான் டோர்ட்முண்டுக்குப் பக்கத்து ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். டிவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடிதம் வந்ததும் மிரள்வீர்கள். வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. 2021 ஆகஸ்டில் மாதம் 18.36 யூரோ ஆக்கினார்கள். "எங்களிடம் டிவி இல்லையே" என்று என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்துக்கு பதில் எழுதினார். ஜெர்மன் மொழிக்கு நல்ல பயிற்சி, அதற்கு மேல் பலனில்லை.

கோடையையும் குளிர்காலத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். ஜூனில் இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் சூரியன் இறங்கும். டிசம்பரில் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். நீங்கள் அச்சு மெஷினை நிறுத்தும் நேரத்தில் இங்கே நடுநிசி போல இருக்கும். முதல் குளிர்காலத்தில் நான் ஆறு மணிக்கே சாப்பிட்டு ஏழுக்குப் படுத்து, இரண்டு மணிக்கு விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு தோட்டம். இங்கே நகரத்து ஓரங்களில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தோட்டம் குத்தகைக்குக் கிடைக்கும், கிளைன்கார்ட்டன் என்பார்கள். இதற்கென்றே 1983-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, குடிசை 24 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. முழுக்கப் புல் வளர்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளவும் முடியாது, மூன்றில் ஒரு பங்கில் காயோ பழமோ விளைய வேண்டும். பொழுதுபோக்குக்குச் சட்டமா என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான். மூன்று வருடம் காத்திருந்து வாங்கினோம்.

கத்தரி நாற்றை மே 15 வரை வெளியே வைக்காதே என்று பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா அடித்துச் சொன்னார். மே 11 முதல் 15 வரை குளிர் சாமியார்களின் நாட்களாம். கடைசி நாளுக்குக் குளிர் சோஃபி என்று பெயர். நான் சிரித்துவிட்டேன். ஏறக்குறைய அதே நாளில்தானே, வைகாசி முதல் தேதி, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு! ஊரில் அம்மன் தலை தெருத்தெருவாக வரும் நாளில் நான் இங்கே மண்ணில் முட்டி போட்டு நாற்று நடுகிறேன். தாத்தாவிடம் இதை விளக்க என் ஜெர்மன் போதவில்லை. "தலை மட்டுமா? உடல் எங்கே?" என்று அவர் மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முக்கியமான ஒன்று: இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையெல்லாம் சுங்கத்தில் எடுபடாது. வெளிநாட்டு விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். எனக்கும் ஆசைதான். இங்கே நான் விளைவிப்பது பார்க்க மினுமினுவென்று இருக்கிறது, காம்பில் ஒரு முள் குத்துவதில்லை. அதில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து பிரியாணிக்குத் தொட்டுக்கொள்வதை எங்கள் அம்மா பார்த்தால் எழுந்து போய்விடுவார்.

ஊர்த் திருவிழாவின் மகாபாரதக் கூத்தும் விட்டுப்போகவில்லை. தம்பி போனைப் பிடித்துக்கொள்வான். கோடையில் நாம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் ஊரில் பத்துக்குத் தொடங்கும் கூத்து இங்கே ஆறரைக்கு வந்துவிடும். விடிய விடியப் பார்த்தாலும் இரண்டு மணிக்குத் தூங்கலாம். ஆனால் பதினெட்டாம் நாள் படுகளத்தைப் போனில் பார்க்க முடியாது அண்ணா. தரையில் பெரிய மண் உருவமாகக் கிடக்கும் துரியோதனன் மொத்தமாகத் திரைக்குள் அடங்க மாட்டான். கால் தெரிந்தால் தலை தெரியாது.

கோயில் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஹாம் நகரம். ஈழத்துக்காரர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில், 2002-இல் திறந்தது. கோடையில் தேர் ஓடும். அன்று ரயில் முழுக்க மல்லிகைப்பூவும் தமிழும்தான்.

ஆம்பூர் தோல்காரன்

தம்பி, நான் ஓய்வு பெற்ற தோல் பதனிடும் தொழில்நுட்ப ஆள். எத்தியோப்பியாவில் மோஜோ என்ற ஊரில் நான்கு வருடம் இருந்தேன். ஐரோப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் முதல் ஆறு மாதம் அறைக்குள்ளேயே கிடந்து கெட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

கூடவே வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிறு மூன்று மணிக்குக் காபிக்கு வரச் சொன்னார். சட்டையை இஸ்திரி போட்டு, மதியம் சரியாக மூன்றுக்குப் போய் நின்றேன். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்த ஊரில் காலை ஆறு மணியிலிருந்துதான் கடிகாரத்தை எண்ணுவார்கள். அவர்களுடைய மூன்று மணி நம்முடைய ஒன்பது. காலையில் எனக்காகக் காத்திருந்து குடித்து முடித்திருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடியும் அடுப்பு மூட்டினார். பச்சைக் காபிக் கொட்டையை வாணலியில் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் கொண்டுவந்து காட்டினார். இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் கொதிக்கவிட்டு ஊற்றினார். முதல் கோப்பை முடிந்ததும் நான் எழுந்தேன். உட்கார் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். மூன்று சுற்று குடிக்காமல் எழுவது மரியாதை இல்லையாம். மூன்றாவதற்கு பரக்கா என்று பெயர். நம்மூர் பாய்மார் சொல்லும் அதே பரக்கத்!

அதன் பிறகு எந்த ஞாயிறும் நான் அறையில் இல்லை. நீங்களாகப் போய்ச் சேருகிற இடம் ஒன்று, தப்பான நேரத்தில் போனாலும் விரட்டாத வீடு ஒன்று, அதைக் கண்டுபிடியுங்கள்.

விருதம்பட்டு வாசி

ஐயா, தங்கை, இருவருக்கும் நன்றி. நேற்று மன்றத்துப் பலகையை அளந்தேன். சட்டத்தோடு சேர்த்து முப்பத்தைந்து அங்குலம். விமானத்தில் ஏற்ற முடியாது. அங்கேயே தச்சரிடம் சொல்லிச் செய்ய வேண்டியதுதான். காயும் ஸ்டிரைக்கரும் மட்டும் எடுத்து வருகிறேன். மனைவியிடம் சொன்னேன். "முதலில் அந்தப் பாட்டில் பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைப்போம், பிறகு சத்தம் என்று அவரால் சொல்ல முடியாது" என்கிறாள். எனக்குத் தைரியமில்லை.

போரிக் பவுடர் எந்தப் பெட்டியில் வைப்பது?

மேல்பட்டி மகள்

அண்ணா, வெள்ளைத் தூளோடு விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். இங்கே உருளைக்கிழங்கு மாவு கிடைக்கிறது, அதைத் தூவினால் காய் நன்றாகவே ஓடும். எங்கள் வீட்டில் அப்படித்தான். சனிக்கிழமை ஆறு மணி. பல்பு இல்லை, டியூப்லைட்.